காலிக் கூண்டில் அடுத்து யார்?

பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். விலங்குகள் இருந்த இடம் அவர்களுக்கு 'உயிர் காலேஜ்'. இரண்டுக்கும் தொடக்கம் ஒரே இடம்தான். அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்க மக்கள் கூட்டமாக வருவதைக் கவனித்து, 1855இல் அந்த வளாகத்திலேயே ஒரு சிறு விலங்குச் சாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாப் தம்மிடம் இருந்த விலங்குகளைக் கொடுத்தார். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறி நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. 1985 ஜூலையில் வண்டலூருக்குப் போனது. இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர்.

அந்தக் காலத்தில் எந்த விலங்கை வைப்பது என்பது ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. யார் எதைக் கொடுத்தார்களோ, எந்தக் கப்பலில் எது வந்து இறங்கியதோ, அதுதான் பட்டியல். கொடுத்ததை மறுக்க முடியாது. வந்ததற்கு ஒரு கூண்டு அடிக்க வேண்டும். இப்போது நிலைமை நேர் எதிர். இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைந்தபின், எந்த இனம், எத்தனை, எதற்காக என்பதைத் திட்டமாக எழுதிக் கொடுக்காமல் பூங்கா நடத்த முடியாது. காட்டிலிருந்து நினைத்தபடி பிடித்து வர முடியாது. விலை கொடுத்து வாங்குவதைவிட, ஒரு பூங்காவிடம் மிகுந்திருப்பதைக் கொடுத்து இன்னொரு பூங்காவிடமிருந்து பெறும் பரிமாற்றமே வழக்கம்.

ஆகவே ஒரு கூண்டு காலியாகும்போது வரும் கேள்வி பெரிது. முதிர்ந்த விலங்கு ஒன்று இறந்துவிட்டது. இடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இரவில் அடைக்கும் அறை இருக்கிறது. அடுத்து யார்? பார்க்க வரும் குழந்தைகள் பாண்டா கேட்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வேறெந்த நகரத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்பார்கள். பூங்காவின் கால்நடை மருத்துவரும் உயிரியலாளரும் முதலில் கேட்பது வேறொன்று: எதை வைக்கக் கூடாது? இந்த விலக்கும் வேலைதான் பூங்காத் திட்டமிடலின் உயிர் என்று நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது தெரிவதே இல்லை. இல்லாத விலங்குக்குப் பெயர்ப் பலகை வைப்பதில்லையே.

முதல் சல்லடை தட்பவெப்பம். மும்பை பைகுலா பூங்காவுக்கு 2016இல் தென்கொரியாவின் சியோலிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குவின்கள் வந்தன. இவை பனிப்பாறைப் பறவைகள் அல்ல, பெரு, சிலி நாடுகளின் கடற்கரையில் குளிர்ந்த நீரோட்டத்தை நம்பி வாழ்பவை. ஆனாலும் மும்பை வெயில் அவற்றுக்கு ஆகாது. கண்ணாடி அறைக்குள் இரவு பகலாகக் குளிரூட்டி, நீரை வடிகட்டி, கடல் மீனை நாள் தவறாமல் ஊட்ட வேண்டும். வந்த சில மாதங்களில் ஒன்று நோயில் இறந்தது. மற்றவை பிழைத்தன, பின்னர் குஞ்சும் பொரித்தன. பார்வையாளர் கூட்டம் பெருகியதும் உண்மை. செய்யவே முடியாத காரியம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் திட்டத் தாளில் கட்டடச் செலவோடு இன்னொரு வரியும் எழுதப்பட வேண்டும்: ஒரு மே மாத இரவில் மின்சாரம் நின்றால் அந்த அறை எத்தனை மணி நேரம் தாங்கும்? கடற்கரை ஊரில் புயல் எப்போது வேண்டுமானாலும் வரும். இயந்திரம் நின்றால் உயிர் நிற்கும் என்ற நிலையில் ஒரு விலங்கை வைப்பதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

இரண்டாவது சல்லடை, கண்ணுக்குத் தெரியாதது. சில விலங்குகள் அடைப்பில் ஓய்ந்துவிடுகின்றன, சில ஏறக்குறைய இயல்பாகவே வாழ்கின்றன. ஏன் இந்த வேறுபாடு? ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் ஊனுண்ணிகளைப் பற்றி உலகெங்கும் கிடைத்த தரவுகளை ஒப்பிட்டு 2003இல் ஒரு விடை சொன்னார்கள். வேட்டையாட முடியாததால்தான் அவை வாடுகின்றன என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். தரவு காட்டியது அதையல்ல. காட்டில் எந்த விலங்கு அதிகப் பரப்பில் அலைகிறதோ, அதுதான் கூண்டில் முன்னும் பின்னும் ஓயாமல் நடக்கிறது, அதன் குட்டிகள்தான் அதிகம் இறக்கின்றன. பனிக்கரடிக்கு ஒரு சராசரிப் பூங்கா கொடுக்கும் இடம், அது இயல்பில் அலையும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கூண்டை இரண்டு மடங்காக்கினாலும் கணக்கு மாறாது. இதே ஆய்வாளர்கள் பின்னாளில் யானைகளைப் பார்த்தார்கள். ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் சுமார் 17 ஆண்டு. கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்த பெண் யானைகளுக்கு அது 56. ஆசிய யானைகளிலும் அதே கதை: பூங்காவில் 19, பர்மாவில் மரம் இழுத்து உழைத்த யானைகளில் 42.

உழைக்கும் யானையைவிட ஓய்வாக நிற்கும் யானை சீக்கிரம் இறக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே கடினமாக இருந்தது. நடை இல்லை, கூட்டம் இல்லை, உடல் பருத்துவிடுகிறது, மனம் நொந்துபோகிறது. இந்தியாவில் 2009இலேயே உயிரியல் பூங்காக்களில் யானைகளை வைப்பதில்லை, இருப்பவற்றை முகாம்களுக்கு அனுப்புவது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் முடிவெடுத்தது. யானையைத் தெய்வமாக நினைக்கும் நாட்டில், குழந்தைகள் முதலில் தேடும் விலங்கைப் பட்டியலிலிருந்து எடுப்பது எளிய முடிவாக இருந்திருக்காது. ஒரு பூங்காவுக்குப் போய் யானை இல்லையே என்று யாராவது குறைப்பட்டால் இந்த எண்களைச் சொல்லலாம்.

மூன்றாவது சல்லடைக்குத்தான் கொஞ்சம் கணக்கு வேண்டும். அதைப் பொறுமையாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அடுத்த நூறாண்டுக்கு ஒரு பூங்காவின் முகம் எப்படி இருக்கும் என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

ஒரு பானை நிறையப் பல நிறச் சோழிகள் இருக்கின்றன. கண்ணை மூடி ஒரு கைப்பிடி அள்ளுங்கள். அந்தக் கைப்பிடியில் வந்த நிறங்களை மட்டும் வைத்து அடுத்த பானையை நிரப்புங்கள். மறுபடி ஒரு கைப்பிடி. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு அபூர்வ நிறங்கள் கைக்கு வராமல் போய்விடும். ஒருமுறை போன நிறம் திரும்ப வராது. ஒரு சிறு கூட்டம் விலங்குகளில் மரபணு வகைகள் தலைமுறைதோறும் இப்படித்தான் கரைகின்றன. தவறு யாருடையதும் இல்லை, வெறும் தற்செயல். கைப்பிடி எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகக் கரையும். இனப்பெருக்கத்தில் சமமாகப் பங்கு பெறும் விலங்குகள் பத்து மட்டுமே என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுப் பன்மையில் 5 விழுக்காடு போய்விடும். ஐம்பது என்றால் 1 விழுக்காடு.

பூங்கா உலகம் வைத்துக்கொண்ட இலக்கு, நூறாண்டுக்குப் பிறகும் தொடக்கப் பன்மையில் 90 விழுக்காடு மிஞ்ச வேண்டும் என்பது. புலிக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய 7 ஆண்டு என்று வைத்தால் நூறாண்டில் 14 தலைமுறை. அத்தனை தலைமுறையிலும் இழப்பு மொத்தம் பத்து விழுக்காட்டுக்குள் நிற்க, சமமாகப் பங்கு பெறும் புலிகள் சுமார் 67 வேண்டும். ஆனால் எந்தக் கூட்டத்திலும் எல்லாம் சமமாகப் பங்கு பெறுவதில்லை. சில ஜோடி சேராது, சில மலடு, சில கிழடு. பொதுவாக மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். அப்படியானால் சுமார் 200 புலிகள் தேவை. ஒரு பூங்கா பத்துப் புலிகளை நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்றால், இருபது பூங்காக்கள் சேர்ந்துதான் ஒரே ஒரு இனத்தைக் காக்க முடியும்.

எந்த நகரப் பூங்காவும் தனியாக ஒரு இனத்தைக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் இப்படிக் கூட்டாக வளர்க்கும் இனங்களுக்கு வம்சப் பதிவேடு உண்டு. எந்த விலங்கு எங்கே பிறந்தது, தாய் யார், தந்தை யார் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைப்பது. நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு வந்தால் பெரியவர்கள் உறவுமுறை பார்ப்பதுபோல, பதிவேட்டுக்காரர் ஒவ்வொரு விலங்கும் மற்ற எல்லாவற்றோடும் சராசரியாக எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று கணக்கிடுகிறார். சொந்தம் குறைந்ததற்கே முன்னுரிமை. பிடரி தழைத்த அழகான சிங்கம் ஓரமாக நிற்கும். யாரும் படம் எடுக்காத, உடன்பிறப்பே இல்லாத ஒரு கூச்சக்காரச் சிங்கம் மாநிலம் விட்டு மாநிலம் லாரியில் பயணம் போகும்.

பதிவேடு இல்லாமலோ தவறாகவோ போனால் என்ன ஆகும்? வட அமெரிக்கப் பூங்காக்கள் ஆசியச் சிங்கங்களை வளர்க்க ஒரு பெரிய கூட்டுத் திட்டம் வைத்திருந்தன. 1987இல் மரபியலாளர் ஸ்டீபன் ஓ'பிரையன் குழு சோதித்தபோது, அந்த வம்சத்தின் ஐந்து மூதாதையரில் இரண்டு ஆப்பிரிக்கச் சிங்கங்களின் வழி வந்தவை என்று தெரிந்தது. அத்தனை ஆண்டு உழைப்பும் வீணானது. நம் நாட்டில் சண்டிகர் அருகே உள்ள சத்பீர் பூங்காவிலும் ஆசிய, ஆப்பிரிக்கச் சிங்கங்கள் கலந்து பெருகி, நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே ஈன்று, நோய் எதிர்ப்பு குன்றி நலிந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆண்களுக்குக் கருத்தடை செய்து, இருப்பவை வாழ்ந்து முடியட்டும் என்று விட வேண்டியதாயிற்று. அந்தச் சிங்கங்கள் ஒரு தவறும் செய்யவில்லை.

வெள்ளைப் புலியைப் பற்றியும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வண்டலூரிலும் அந்த அடைப்பின் முன் எப்போதும் கூட்டம். அது தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள். பனிநாட்டுப் புலி என்று ஒரு அப்பா தன் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். அது நம் வங்கப் புலிதான். 1951இல் ரேவா மன்னர் பிடித்த மோகன் என்ற வெள்ளை ஆண் குட்டியிலிருந்து இன்றைய பூங்கா வெள்ளைப் புலிகள் பலவற்றின் வம்சம் கிளைத்தது. மோகனைச் சாதாரணப் பெண் புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பிறந்த மகளோடே சேர்த்தபோது 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. தாயிடமும் தந்தையிடமும் ஒரே மாறுதல் இருந்தால்தான் வெண்மை வெளிப்படும். அந்த மாறுதல் ஒரே மரபணுவில், ஒரே ஒரு அமினோ அமில மாற்றம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். வெண்மையை விடாமல் பிடித்துக்கொள்ள உறவுக்குள்ளேயே சேர்த்ததில் மற்றக் குறைகளும் சேர்ந்துகொண்டன. வெண்மையோடு ஒட்டியே பல வெள்ளைப் புலிகளுக்கு மாறுகண்ணும் வரும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளில் சில தவறான பக்கம் திரும்பிவிடுவதால் வரும் குறை அது. அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம், அரிய நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்வதை 2011இல் நிறுத்தச் சொன்னது. ஒரு வெள்ளைப் புலி இருக்கும் இடம், பதிவேட்டில் மதிப்புள்ள ஒரு சாதாரணப் புலிக்குக் கிடைக்காமல் போன இடம். இருக்கும் வெள்ளைப் புலிகளை நன்றாகப் பார்த்துக்கொள்வோம். அடுத்த தலைமுறை வேண்டாம் என்று சொல்லும் துணிவு நம் பூங்காக்களுக்கு வர வேண்டும்.

இடம்தான் எல்லாவற்றிலும் அரிய பொருள். நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவை நெடுங்காலம் நடத்திய வில்லியம் கான்வே, உலகப் பூங்காக்கள் அனைத்திலும் விலங்குகளுக்கு உள்ள இடத்தைச் சேர்த்தாலும் புரூக்ளின் என்ற ஒரே நகரப் பகுதிக்குள் அடங்கிவிடும் என்று 1980களில் சொன்னார். சென்னை மாநகராட்சிப் பரப்பில் பாதியைக்கூட அது எட்டாது. அந்தத் துண்டு நிலத்தில்தான் பூமியின் அழியும் உயிர்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். பிரிட்டனில் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் கூட்டாளிகளும் 1990களில் செலவுக் கணக்கைப் பார்த்தார்கள். பெரிய பாலூட்டிகளைப் பூங்காவில் வளர்ப்பதைவிட அவை வாழும் காட்டைக் காப்பது மலிவு. சிறிய உயிர்கள் விரைவாகப் பெருகும், குறைந்த இடத்தில் அடங்கும், அவற்றுக்குத்தான் பூங்கா உண்மையான புகலிடம் ஆகும்.

இதற்கு ஒரு நத்தை சாட்சி. பசிபிக் தீவுகளான தாகித்தி, மோரியாவில் பார்ட்டுலா என்ற மர நத்தைகள் இருந்தன, நகம் அளவுதான். தோட்டங்களை அழித்த ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க, வேறொரு ஊனுண்ணி நத்தையை மனிதர்கள் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு பார்ட்டுலாவைத் தின்றது. பத்தாண்டுக்குள் மோரியாவின் காடுகளில் அவை ஏறக்குறைய அற்றுப்போயின. ஆய்வாளர்கள் கடைசி நத்தைகளைப் பெட்டியில் எடுத்துவந்து லண்டன், எடின்பரோ உள்ளிட்ட பூங்காக்களில் வளர்த்தார்கள். ஒரு சிறு அறை, வரிசையாகத் தட்டுகளில் பெட்டிகள், அவ்வளவுதான். யானைக்கு இடம் போதாமல் 2001இல் தன் யானைகளை வெளியே அனுப்பிய அதே லண்டன் பூங்கா, ஓர் அறைக்குள் முழு இனங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 2015 முதல் ஆயிரக்கணக்கான நத்தைகளை, ஓட்டில் ஒளிரும் வண்ணப் புள்ளி வைத்து, தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு ஒருநாள் மோரியாவில் புள்ளி இல்லாத ஒரு வளர்ந்த நத்தை கிடைத்தது. காட்டிலேயே பிறந்தது! 2024இல் அந்த இனம் 'இயற்கையில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

இனத்தைத் தேர்ந்தாயிற்று என்றால் அதன் வீட்டை வரைய வேண்டும். இதில் லண்டன் பூங்கா செய்த இரண்டு தவறுகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. 1925இல் அங்கே 'குரங்குக் குன்று' என்று ஒரு செயற்கைப் பாறையை எழுப்பி ஏறக்குறைய நூறு ஹமாத்ரியாஸ் பபூன்களை விட்டார்கள். ஆண்கள் மட்டும் என்பது திட்டம். தவறுதலாகச் சில பெண்களும் வந்துவிட்டன. இந்த இனத்தில் ஓர் ஆண் தனக்கென்று சில பெண்களைக் கூட்டிக்கொண்டு வாழும். நூறு அன்னிய ஆண்களுக்கு நடுவே சில பெண்கள் என்றால் போர்தான். கடித்துக் குதறிக்கொண்டு இறந்தன. சரிசெய்ய நினைத்துப் பின்னர் முப்பது பெண்களைச் சேர்த்தபோது அவையும் சண்டையில் சிக்கி மடிந்தன. குரங்குகளின் இயல்பே வன்முறை என்றுகூட அதை வைத்துப் பேசினார்கள். எத்தியோப்பியாவில் ஹான்ஸ் கும்மர் காட்டுக் கூட்டங்களைப் பின்தொடர்ந்த பிறகுதான், அந்தச் சமூகம் எவ்வளவு ஒழுங்கானது என்பதும், குன்றில் நடந்தது மனிதர்கள் ஏற்படுத்திய அழிவு என்பதும் தெளிவாயின. இன்னொன்று 1934இல் கட்டிய பென்குவின் குளம். ஒன்றையொன்று தழுவி இறங்கும் இரண்டு வெள்ளைக் கான்கிரீட் சரிவுகள், கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் படிக்கும் அழகு. பென்குவின்களின் பாதங்கள் அந்தக் கான்கிரீட்டில் புண்ணாயின. 2004இல் அவை வெளியேறின. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கவும் முடியாமல் குளம் காலியாக நிற்கிறது.

வரைபவர்கள் மெல்லக் கற்றுக்கொண்டார்கள். ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் 1907இலேயே கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். எந்தப் புலி எவ்வளவு தாண்டும் என்று அளந்து பார்த்துச் செய்தது. ஆனாலும் நெடுங்காலம் பூங்காக்களில் பூனைக் குடும்பம் ஒரு வரிசை, குரங்குகள் ஒரு வரிசை என்றே இருந்தது. சியாட்டிலின் வுட்லண்ட் பார்க் 1970களில் அதை மாற்றியது. விலங்கின் குடும்பத்தைப் பார்க்காமல் அதன் காட்டை, மழையை, வெப்பத்தைப் பார்த்துப் பூங்காவையே மண்டலங்களாகப் பிரித்தார்கள். கொரில்லாவைக் காட்டுச் செடிகளுக்கு நடுவே விட்டபோது மரத்தில் ஏறி விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பணியில் இருந்த ஜான் கோ பின்னாளில் கேரளத்தின் திருச்சூர் பூங்காவைப் புத்தூருக்கு மாற்றுவதற்கான வடிவமைப்பையும் செய்தார். நூற்றாண்டு பழைய நகரக் கூண்டுகளிலிருந்து 300 ஏக்கருக்கு மேல் பரந்த மலைச்சரிவுக்கு இடம் மாற்றும் திட்டம் அது.

வண்டலூரில் எனக்கு மிகப் பிடித்த குடியிருப்பவர்கள் சோலைமந்திகள். சிங்கவால் குரங்கு என்று பலகையில் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. காட்டில் மிஞ்சியிருப்பது சில ஆயிரங்கள்தான். இந்த இனத்தின் திட்டமிட்ட இனப்பெருக்கத்தில் வண்டலூருக்கு முதன்மைப் பொறுப்பு உண்டு. அடர்காட்டில் இவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இயல்பில் இவை தரைக்கு வர விரும்பாதவை. மரத்தின் உச்சியிலேயே வெடிப்பலாவைப் பிய்த்துத் தின்று, பட்டையை உரித்துப் பூச்சி தேடி நாளைக் கழிப்பவை. ஆகவே இவற்றுக்கான இடத்தைச் சதுர அடியில் அளப்பது பொருந்தாது, உயரத்தோடு அளக்க வேண்டும். கூட்டத்தில் ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டால் பார்வையிலிருந்து மறைய இலைத்திரை வேண்டும். உணவைத் தட்டில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிளவுகளில் ஒளித்து வைத்தால் பாதிப் பகல் தேடும்.

வரைபடத்தில் பலரும் மறப்பது வேறொன்று. பிறப்பதில் பாதி ஆண். ஆனால் ஒரு கூட்டத்துக்கு வளர்ந்த ஆண் ஒன்று போதும், இரண்டு இருந்தால் சண்டை. இனப்பெருக்கம் நன்றாக நடக்க நடக்க, இடமில்லாத ஆண்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றுக்கு ஆண்கள் மட்டும் வாழும் தனி அடைப்பு, பார்வையாளர் காணாத இடத்தில், முதல் நாளே வரைபடத்தில் இருக்க வேண்டும். வெற்றிக்கு இடம் ஒதுக்காத திட்டம் வெற்றி வந்ததும் திணறும்.

பார்வைக்கு வராத இடங்கள் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு. இரவு அறை, அதை ஒட்டிய சிறு வெளி, ஊசி போட விலங்கை மென்மையாக நெருக்கும் கூண்டு, புதிதாக வருபவற்றைத் தனித்து வைக்கும் இடம், மருத்துவமனை, இறைச்சி வெட்டும் அறை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பூங்காவை வாரக்கணக்கில் மூட வேண்டியிருந்தது. 2021 ஜூனில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது, இரண்டு வாரத்தில் பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போனது. அந்த நாட்களில் விலங்குகளைப் பிரித்து வைக்கக் கூடுதல் அறைகள் எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. புதிய காட்சிக்கூடம் திறக்கும் செய்தியில் இவற்றின் படம் வராது. ஆனால் ஒரு பூங்கா நல்லதா என்று நான் இவற்றை வைத்துத்தான் எடை போடுவேன்.

காலமும் வரைபடத்தின் ஓர் அளவுதான். கொல்கத்தா அலிப்பூர் பூங்கா 1876இல் திறந்தது. அங்கே வாழ்ந்த அத்வைதா என்ற அல்டாப்ரா பேராமை 2006இல் இறந்தது. வயது 250 என்பார்கள். அது செவிவழிக் கணக்கு. அந்தப் பூங்காவின் பல தலைமுறைப் பொறுப்பாளர்களை அது வழியனுப்பியது என்பது மட்டும் நிச்சயம். சிம்பன்சியோ பஞ்சவர்ணக்கிளியோ ஐம்பது ஆண்டு இருக்கும். இன்று கையெழுத்திடும் அதிகாரியின் பேரப்பிள்ளைகள் காலத்து வரவு செலவையும் சேர்த்துத்தான் அவர் எழுதுகிறார். அதேபோல ஓர் இனத்தை விடுவது என்று முடிவெடுத்தால் அதுவும் ஒரே நாளில் நடக்காது. கருத்தடை செய்து, மிஞ்சியிருக்கும் கடைசி விலங்கு முதுமையில் தளர்ந்து, கண் மங்கி, இயல்பாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதுவரை அலமாரியில்தான் இருக்கும். அப்படிக் காத்திருக்கும் பூங்காவின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

என்னிடம் கேட்டால் வண்டலூரின் அடுத்த காலிக் கூண்டுக்கு நான் சொல்லும் பெயர் தவளை. விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலே சொன்ன கான்வே 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். காளைத் தவளை ஒன்றைக்கொண்டே உலகத்தரமான காட்சிக்கூடம் அமைக்கலாம் என்பதுதான் அதன் கருத்து. பூங்கா வடிவமைப்பாளர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். அவர் நினைத்தது அமெரிக்கத் தவளையை. நம்முடைய காளைத் தவளைக்கு அதைவிடப் பெரிய கதை இருக்கிறது. வயலிலும் குட்டையிலும் கிடக்கும் அந்தப் பழுப்புப் பச்சைத் தவளை, முதல் பெருமழை விழுந்ததும் மாறிவிடும். ஆண்களின் உடல் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். தொண்டையின் இரு பக்கமும் கருநீலப் பைகள் உப்பி உப்பி அடங்கும். ஒரு காலத்தில் கால்களுக்காக இவற்றை டன் கணக்கில் வெட்டி ஏற்றுமதி செய்தோம். வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போனது. 1987இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

இதற்கு ஓர் ஏக்கர் வேண்டாம். ஒரு குட்டை, சேறு, கோரைப்புல், மழைக்காலத்துக்கு மட்டும் மேலே ஒரு நீர்த் தூவி, தவளையின் கண் உயரத்தில் ஒரு கண்ணாடி. குளிரூட்ட வேண்டாம், சென்னையின் பருவமே அதன் பருவம். மின்சாரம் நின்றாலும் தவளைக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்திலேயே பூங்காவின் ஓட்டேரி ஏரி இருக்கிறது. யாரும் பரிமாற்றத்தில் கொண்டுவராத பறவைகள் தாமாக வந்து இறங்கும் இடம் அது. தவளை கத்தும் நாட்களில் அவையும் வரும். ஒரே ஒரு சிக்கல்: ஆண்டில் பல மாதங்கள் அந்தக் கூடத்தில் பார்க்க எதுவும் இருக்காது. செயற்கையாக மழை பெய்வித்துத் தினமும் மஞ்சளாக்க முயலக் கூடாது. அது அதன் உடலுக்குச் செய்யும் கொடுமை. விடுமுறைக் கூட்டம் வந்து நிற்கும் மே மாதத்தில் கண்ணாடிக்கு அப்பால் வெடித்த சேறுதான் தெரியும். அப்போது பலகையில் இப்படி எழுதி வைக்கலாம்: 'இங்கே இருபது தவளைகள் மண்ணுக்கடியில் இருக்கின்றன. முதல் மழை பெய்த மறுநாள் காலை வாருங்கள்.'